பிறக்கும் முன்பே தொடங்கும் பொறுப்பு

நாய் வளர்ப்பதும் நாய்க்குட்டிகளைப் பிறப்பித்து விற்பதும் ஏறத்தாழ ஒரே வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வளர்ப்பவர் ஏற்கெனவே உலகில் இருக்கும் ஓர் உயிருக்குச் சோறும் இடமும் கொடுக்கிறார். பிறப்பிப்பவர் இல்லாத ஓர் உயிரை வரவழைக்கிறார். எந்தப் பெட்டையை எந்த ஆண் நாயோடு, எந்தப் பருவத்தில் சேர்ப்பது என்று அவர் எடுக்கும் முடிவில் அந்தக் குட்டியின் மூக்கு நீளமும் இதய வால்வின் உறுதியும் மூளைக்கு மண்டையோட்டில் கிடைக்கப்போகும் இடமும் பெருமளவு தீர்மானமாகிவிடுகின்றன. குட்டியைக் கேட்டுச் செய்ய வழியில்லை. ஆகவே பக், ஷிட்சு, டாக்ஸ்ஹண்ட், காவலியர் போன்ற சிறிய இன நாய்களைப் பெருக்கத் தொடங்க நினைப்பவர் கூண்டளவையும் தீவன விலையையும் கணக்குப் பார்க்கும் முன் வேறொரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். ஓர் உயிரைப் பிறக்கச் செய்யும் உரிமை யாருக்கு உண்டு, என்ன நிபந்தனையில் உண்டு?

எவருக்கும் இல்லை என்பது ஒரு விடை. அமெரிக்கச் சட்ட அறிஞர் கேரி பிரான்சியோன் அந்தப் பக்கத்தில் நிற்கிறார். வீட்டு விலங்கு என்ற நிலையே மனிதனை அண்டிப் பிழைக்கும்படி உருவாக்கப்பட்டது. பசி, தாகம், வெளியே போவது என எல்லாவற்றுக்கும் இன்னொருவர் மனம் வைக்க வேண்டிய உயிரை மேலும் மேலும் உண்டாக்குவது நியாயமாகாது. இருக்கும் நாய்களைக் கடைசிவரை அன்பாகப் பார்த்துக்கொண்டு, புதியவை பிறக்காமல் நிறுத்திவிட வேண்டும் என்கிறார் அவர். கைவிடப்பட்ட நாய்களைத் தம் வீட்டில் வைத்துப் பேணுபவர் சொல்லும் வாதம் இது. நாய்மேல் அன்பில்லாதவர் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

கனடாவைச் சேர்ந்த சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011-இல் எழுதிய ‘சூபோலிஸ்’ என்ற நூல் எதிர்ப்பக்கத்தில் நின்று பேசுகிறது. வீட்டு விலங்குகள் மனிதச் சமூகத்துக்கு உள்ளேயே வாழும் உறுப்பினர்கள். அவற்றை இல்லாமல் ஆக்குவது நீதியாகாது, நீதியான முறையில் சேர்ந்து வாழ்வதே கடமை என்பது அந்நூலின் நிலை. இந்த உறவின் பழமைக்கு ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் 1914-இல் கிடைத்த புதைகுழி சாட்சி. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணும் பெண்ணும் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் ஏழு மாதக் குட்டி நாய் ஒன்றும் கிடந்தது. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அது வாரக்கணக்கில் டிஸ்டெம்பர் நோயால் துன்பப்பட்டிருக்கிறது, யாரோ அருகிருந்து பார்த்துக்கொண்டதால்தான் அவ்வளவு நாள் தாங்கியிருக்கிறது என்று கண்டார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டி அது. பயன் எதிர்பாராத அன்பு இந்த உறவின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது என்றால், உறவையே முறித்துக்கொள்ளச் சொல்லும் விடை மிகையானது. அதற்காகப் பிறப்பிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி தளர்ந்துவிடாது.

சமய மரபுகள் இந்தக் கேள்வியை வணிகத்தின் வழியாகத்தான் அதிகம் அணுகியிருக்கின்றன. அங்குத்தர நிகாயத்தில் புத்தர் இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வணிகங்கள் ஆயுதம், உயிர், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு. இவற்றில் ‘உயிர்’ என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் எல்லா உயிர்களையும் தழுவக்கூடியது. பிற்காலப் பாலி உரையோ அதை மனிதரை விற்பது, அதாவது அடிமை வாணிகம் என்று சுருக்கிப் பொருள் கொண்டது. இறைச்சிக்காக விலங்கு வளர்த்து விற்பதையும் சேர்த்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நாய்க்குட்டி விற்பனை இதில் அடங்குமா என்று சூத்திரம் நேராகச் சொல்லவில்லை. ஐந்து வணிகங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெரும்பாலானவை விற்றவர் கையை விட்டுப் போன பின்பு தீங்கு விளைவிப்பவை. பொருள் கைமாறியதோடு கணக்குத் தீர்ந்தது என்று விற்றவர் சொல்வதை அந்த விலக்கு ஏற்பதில்லை.

சமணம் இன்னும் கூர்மையாகப் பேசுகிறது. இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய பதினைந்து தொழில்களைச் சமண நூல்கள் வகுத்திருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதிய யோகசாஸ்திரம் அவற்றை விளக்கும்போது, கிளி, மைனா, பூனை, கோழி, மயில் ஆகியவற்றோடு நாயையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பொருள் ஈட்டுவதற்காக இவற்றை வளர்ப்பதை விலக்கப்பட்ட தொழிலில் சேர்க்கிறது. விலக்கு நாய் வளர்ப்பின்மேல் விழவில்லை. ‘பொருளுக்காக’ என்ற நோக்கத்தின்மேல் விழுகிறது. இந்த வேறுபாடு இன்றைய பிரீடருக்கு அப்படியே பொருந்தும். ஓர் ஈற்றில் கிடைக்கும் பணம் குட்டிகளின் பராமரிப்புச் செலவை ஈடுகட்டுவது ஒரு நிலை. பணம் வேண்டும் என்பதற்காகவே அடுத்த ஈற்று நடப்பது மற்றொரு நிலை. நாய்க்கு இந்த வேறுபாடு உடம்பில் தெரியும்.

இஸ்லாமிய மரபில் நாயின் விலையை விலக்கும் நபிமொழி இருக்கிறது. ஷாஃபி சட்டப்பள்ளி அதனால் நாய் விற்பனையை ஏற்பதில்லை. ஹனபி சட்டப்பள்ளி பயன் தரும் நாய்களை விற்க இடம் தருகிறது. தமிழ் முஸ்லிம்களிடையே இரு மரபினரும் உண்டு. தாகத்தில் நாக்குத் தொங்க நின்ற நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாகச் சொல்லும் நபிமொழியும் அதே மரபில்தான் இருக்கிறது. விலை பேசுவதில் தயக்கமும் துன்பம் தீர்ப்பதில் புண்ணியமும் இங்கே ஒன்றாக நிற்கின்றன.

இந்தக் கோட்பாடுகளை ஒரு நாயின் உடம்பில் வைத்துப் பார்க்க காவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலைவிடப் பொருத்தமான இனம் இல்லை. ஐந்து முதல் எட்டு கிலோ எடை, தொங்கும் பட்டுக் காது, பெரிய கரிய கண், மடியை விட்டு இறங்காத சுபாவம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்து ஓவியங்களில் காணப்படும் சிறிய ஸ்பானியல்களுக்கு மூக்கு நீண்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் தட்டை மூக்கு நாகரிகமாகிப் பழைய முகம் மறைந்தது. அதைத் தேடி வந்த அமெரிக்கர் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ், 1926-இல் கிரப்ட்ஸ் நாய்க்கண்காட்சியில் பழைய நீள மூக்குள்ள ஸ்பானியலுக்கு 25 பவுண்டு பரிசு அறிவித்தார். அப்படி மீட்கப்பட்ட இனத்தை பிரிட்டனின் கென்னல் கிளப் 1945-இல் தனி இனமாக ஏற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சியிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாய்கள். உலகம் முழுதும் பரவியிருக்கும் காவலியர்கள் பெரும்பாலும் அந்தச் சிலவற்றின் வழிவந்தவையே.

அடித்தளம் அவ்வளவு குறுகலாக இருந்ததன் விலையை இன்றைய நாய்கள் கொடுக்கின்றன. இதயத்தின் மைட்ரல் வால்வு தேய்ந்து இரத்தம் பின்னோக்கிக் கசியும் நோய் எல்லாச் சிறிய இனங்களிலும் முதுமையில் வருவதுதான். காவலியரிலோ ஐந்து வயதில் ஏறத்தாழப் பாதி நாய்களுக்கு இதய முணுமுணுப்பு கேட்கிறது. பத்து வயதில் தப்பியவை மிகக் குறைவு. இரண்டாவது துன்பம் தலையில். மண்டையோட்டின் பின்பகுதியில் இடம் போதாமல் சிறுமூளை கழுத்துப் பக்கம் உள்ள துளை வழியே பிதுங்குகிறது. மூளைத் தண்டுவட நீரின் ஓட்டம் தடைப்பட்டு, தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உண்டாகின்றன. சிரிங்கோமைலியா என்பது இதன் பெயர். இந்த நோய் உள்ள நாய் நடந்துகொண்டிருக்கும்போதே நின்று, கழுத்தருகே பின்னங்காலைத் தூக்கிச் சொறியும். கால் தோலைத் தொடாது, காற்றைத்தான் சொறியும். கழுத்துப் பட்டை பட்டால் அலறும். தலையைத் தடவ வரும் கையைக் கண்டு விலகும். மடியில் கிடப்பதற்கென்றே மனிதர் உருவாக்கிய நாய்க்குத் தடவலே வலியாகிப் போவதைவிட வருத்தமான நிலை இந்தத் துறையில் வேறில்லை.

2008-இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று இதை வெளியுலகுக்குக் காட்டியது. கண்காட்சியில் பரிசு வாங்கிய நாய்களின் உடம்புக்குள் இருப்பதைப் பார்த்து மக்கள் அதிர்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கிரப்ட்ஸ் ஒளிபரப்பையே பிபிசி கைவிட்டது. அதன் பிறகு நடந்த விவாதங்களில் மீண்டும் மீண்டும் எழுந்த சொல் ‘தூய்மை’.

தமிழில் இத்தகைய நாயை ‘ஜாதி நாய்’ என்கிறார்கள். பத்திரிகைகள் ‘உயர்சாதி நாய்’ என்றும் எழுதுகின்றன. சொல்பவர் எதையும் நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல் உண்மையைத் தொடுகிறது. வெளியிலிருந்து இரத்தம் கலக்கக் கூடாது, வம்சாவளிப் பதிவேடு மூடியே இருக்க வேண்டும் என்ற விதி இயற்கை வகுத்ததல்ல. 1859-இல் நியூகாசிலில் நாய்க்கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அந்தக் காலத்து ஆங்கிலேயர், மனிதரைப் பற்றிக் கொண்டிருந்த குலம், வம்சம் பற்றிய எண்ணங்களையே நாய்க்கும் போர்த்தினார்கள். அதற்கு முன் நாய்கள் வேலைக்கேற்பப் பிரிக்கப்பட்டன. வேலை செய்யும் இரண்டு நாய்கள் சேர்வதற்குப் பதிவேடு குறுக்கே நிற்கவில்லை. மூடிய குலத்துக்குள் திரும்பத் திரும்ப மணமுடித்தால் உடம்பு என்ன பாடுபடும் என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூய்மையைத் தர்மம் என்று கொண்டாடுவதை பல சமயங்களின் சீர்திருத்தக்காரர்களும் எதிர்த்திருக்கிறார்கள். நாயின் விஷயத்திலும் அந்த எதிர்ப்பே சரி.

தூய்மை வேட்கை இன்னொரு உருவத்திலும் வரும். நல்ல எண்ணமுள்ள புதியவர்களே இதில் அதிகம் விழுகிறார்கள். காவலியருக்கு உலர்கண்ணும் சுருட்டை முடியும் சேர்ந்து வரும் நோய், திடீரென உடல் விறைத்து விழும் நோய் ஆகிய இரண்டுக்கும் 2011 முதல் மரபணுச் சோதனை இருக்கிறது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குட்டிக்கு நோய். ஒரே ஒரு பழுதான பிரதி உள்ள நாய் நலமாகவே இருக்கும். பழுதில்லாத துணையோடு அதைச் சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது, சராசரியாகப் பாதிக் குட்டிகள் அந்த ஒரு பிரதியைச் சுமக்கும், அவ்வளவுதான். ஆனால் சோதனை முடிவைப் பார்த்ததும் அத்தகைய நாய்களை எல்லாம் ஒதுக்கிவிடத் துடிப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே குறுகிய குலம் மேலும் குறுகி, இன்னும் பெயர் வைக்கப்படாத ஏதோ ஒரு நோய்க்கு வழி திறக்கும். குறையுள்ளதை விலக்கிக்கொண்டே போவது அறம்போலத் தோன்றும். பல வேளைகளில் குறையோடு சேர்த்துக் காப்பதே அறம். துணையை அறிந்து சேர்க்க வேண்டும் என்பதற்கு டாக்ஸ்ஹண்ட் ஓர் எச்சரிக்கை. புள்ளிச் சாயல் உள்ள இரண்டு டாக்ஸ்ஹண்டுகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்தச் சாயலின் இரட்டைப் பிரதி வரும். அப்படிப் பிறப்பவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ இருக்கும். இந்தச் சேர்க்கையைத் தெரிந்து செய்தவருக்குச் சொல்ல எந்தச் சமாதானமும் இல்லை.

இங்கேதான் தத்துவத்தின் கடினமான முடிச்சு வருகிறது. பதினைந்து மாதமே ஆன காவலியர் பெட்டையை ஒருவர் இணை சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் இதயம் நலமா என்று அந்த வயதில் சொல்ல முடியாது. பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு நான்கு வயதில் முணுமுணுப்பு தொடங்குகிறது. அந்த நாய்க்கு அவர் தீங்கு செய்தாரா? அவர் இன்னும் ஓராண்டு காத்திருந்தால் வேறு கருமுட்டை, வேறு விந்து, வேறு குட்டிதான் பிறந்திருக்கும். இந்த நாய் பிறந்தே இருக்காது. நோயோடு என்றாலும் ஓடி ஆடி மகிழ்ந்த நான்கு ஆண்டுகள் அதற்குக் கிடைத்தன. இல்லாமல் போவதைவிட இது மேல் அல்லவா? ஆங்கில மெய்யியலாளர் டெரக் பார்ஃபிட் 1984-இல் மனிதக் குழந்தைகளை முன்வைத்து எழுப்பிய புதிர் இது. அரை நூற்றாண்டை நெருங்கியும் எல்லாரும் ஒப்பும் விடை அதற்குக் கிடைக்கவில்லை.

இந்திய மரபில் இதே சமாதானம் வேறு உடையில் வரும். நோயோடு பிறந்தது அந்த உயிரின் முன்வினை. பிறப்பித்தவர் வெறும் கருவி. பார்ஃபிட்டின் புதிரும் இந்த வினைப்பேச்சும் கடைசியில் பிறப்பித்தவரையே விடுவிக்கின்றன. வினைக்கோட்பாட்டை வகுத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எண்ணமே வினை என்றார் புத்தர். குட்டியின் வினை எதுவாகவும் இருக்கட்டும். சோதிக்காமல் சேர்த்த எண்ணம் சேர்த்தவருடையது, அதன் பயனும் அவருக்கே. சமணம் செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என்று மூன்றாகப் பிரித்து மூன்றிலும் வினை ஒட்டும் என்கிறது. பிற உயிரின் முன்வினையைக் காட்டித் தன் கணக்கைக் குறைத்துக்கொள்ள அந்தப் பிரிவில் இடமே இல்லை.

புதிருக்கும் தமிழ் வாழ்க்கையிலிருந்து ஒரு விடை உண்டு. விருந்துக்கு ஒருவரை அழைத்தவர், கூரை ஒழுகும் என்று தெரிந்த இடத்தில் அவருக்கு இலை போடுகிறார். விருந்தாளி நனைந்து எழும்போது, ‘நான் அழைத்திராவிட்டால் உமக்குச் சோறே கிடைத்திருக்காது’ என்று சொன்னால் அதை யாரும் விருந்தோம்பல் என்று ஏற்கமாட்டார்கள். சோறு கிடைத்தது உண்மைதான். ஆனாலும் அழைத்தவர் குற்றவாளி. அழைப்பு என்ற செயலே கடமையை உண்டாக்கிவிடுகிறது. அழைக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற ஒப்பீடு அந்தக் கடமையைத் தொடாது. பிறப்பிப்பவர் அழைப்பவர். கூரையைப் பார்க்க வேண்டியது அழைப்புக்கு முன்.

ஒவ்வொருவரும் தன் கூரையைச் சரிபார்த்தாலே போதுமா என்ற கேள்வியை நார்வே நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. அந்நாட்டின் விலங்கு நலச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, இனப்பெருக்கம் விலங்குக்கு உறுதியும் நல்ல ஆரோக்கியமும் தருவதாக இருக்க வேண்டும் என்கிறது. பொதுவான அறவுணர்வைப் புண்படுத்தும் இனப்பெருக்கத்தையும் தடுக்கிறது. இதைக் கொண்டு விலங்கு நல அமைப்பு ஒன்று நாய்க் கழகங்கள்மீதும் சில பிறப்பிப்போர்மீதும் வழக்குத் தொடுத்தது. 2022 ஜனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் இங்கிலீஷ் புல்டாக், காவலியர் இரண்டின் இனப்பெருக்கமும் சட்டத்துக்குப் புறம்பு என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காவலியரின் மீதான தீர்ப்பை உறுதி செய்தது.

வழக்குக்கு உள்ளானவர்கள் ஈவிரக்கமில்லாத வியாபாரிகள் அல்லர். நாய்களைச் சோதித்து, விதி பார்த்து, வீட்டில் வைத்து வளர்த்தவர்கள் அவர்கள். நோய் இனம் முழுவதும் ஊறிவிட்ட பிறகு, உள்ளதில் நலமான இரண்டைத் தேர்ந்து சேர்ப்பது போதாது என்பதே நீதிமன்றம் கண்டது. பிற இனத்தோடு திட்டமிட்டுக் கலக்கும் வழியை அது அடைக்கவில்லை. தனிமனித ஒழுக்கம் முழுதாக இருந்தும் ஒரு கூட்டுத் தீமைக்குள் ஒருவர் நிற்க முடியும் என்பது சமய வரலாற்றுக்குப் புதிய செய்தியன்று. தீண்டாமையைக் கடைப்பிடித்த வீடுகளிலும் தனிப்பட்ட முறையில் இனியவர்கள் இருந்தார்கள். தொடங்க நினைப்பவர் ‘நான் நல்லபடி செய்வேன்’ என்பதோடு ‘இந்த இனத்தில் நல்லபடி செய்ய இடம் இருக்கிறதா’ என்றும் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பக் உள்ளிட்ட சில இனங்களைப் பெருக்க வேண்டாம் என்றது. அது வழக்குக்கும் உள்ளானது. சட்டம் எந்தப் பக்கம் போனாலும், சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறும் பக் நாயின் குரலே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

குட்டியைப் பற்றிப் பேசும்போது தாய் மறந்துபோகிறது. 2013-இல் வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட காவலியர் பெட்டைக்கு லூசி என்று பெயரிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் சிறு கூண்டில் அடைத்து ஈற்றின்மேல் ஈற்றாக வாங்கப்பட்டதில் அதன் முதுகு வளைந்து, இடுப்பு இறுகிப்போயிருந்தது. 2016-இல் அது இறந்தது. அதன் பெயரால் எழுந்த இயக்கத்தின் பயனாக, இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைக் கடைகளும் தரகர்களும் விற்க முடியாது. வாங்குபவர் குட்டியைப் பிறந்த இடத்தில் தாயோடு பார்த்தே வாங்க வேண்டும். சமணர் சொன்ன மூன்றாவது வினையை, உடன்படுதலை, இந்தச் சட்டம் நேராகத் தொடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரிப்பன் கட்டிய குட்டியைப் பார்ப்பவருக்குத் தாயின் முதுகு தெரியாது. தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல இடமிருக்கிறது. அந்த இடத்தைச் சட்டம் எடுத்துவிட்டது.

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகள் வந்தன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு, பெட்டைக்குக் குறைந்தது 18 மாத வயது, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தொடங்குபவருக்கு இவை கீழ் எல்லை. காவலியரைப் பிறப்பிப்போருக்கான இதய நெறியோ பதினெட்டு மாதத்தை ஏற்காமல் இரண்டரை வயது கேட்கிறது.

சிறிய பெட்டையின் பிரசவம் அருகிருந்து பார்த்தவருக்குத்தான் அதன் கடினம் விளங்கும். இணை சேர்ந்து ஏறத்தாழ 63 நாளில் ஈனும். முந்தைய நாள் உடல் வெப்பம் 37 டிகிரியை ஒட்டி இறங்கும். தாய் தீவனத்தை ஒதுக்கிவிட்டு விரித்த துணியைக் கால்களால் கிளறிக்கொண்டே இருக்கும். இடுப்பு சிறிது, குட்டியின் தலை பெரிது என்ற இனங்களில் குட்டி சிக்கிக்கொள்ளும். நள்ளிரவில் அறுவைக்கு ஓட வேண்டி வரும். வெளியே வரும் குட்டி உள்ளங்கையில் அடங்கும்; சமையலறைத் தராசில் நிறுத்தால் நூறு, இருநூறு கிராம். முதல் இரண்டு வாரம் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. கண்ணும் திறந்திருக்காது. எடை ஒருநாள் ஏறாவிட்டால் மறுநாள் அது இல்லாமல் போகலாம். பால் கொடுக்கும் தாய்க்குச் சில வாரத்தில் இரத்தத்தில் கால்சியம் இறங்கி உடம்பு நடுங்கத் தொடங்கினால் அந்த மணிநேரத்திலேயே மருத்துவர் வேண்டும். இதற்கெல்லாம் விழித்திருக்க ஆள் இல்லாத வீட்டில் ஈற்று நடக்கக் கூடாது. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரைதான் குட்டி மனிதரோடும் ஓசைகளோடும் பழகிக்கொள்ளும் காலம் என்று ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நீண்ட ஆய்வுக்குப் பின் 1965-இல் எழுதினார்கள். அந்த வாரங்களில் பெரும்பகுதி பிறப்பித்தவர் வீட்டில்தான் கழிகிறது. குட்டியின் அச்சமும் நம்பிக்கையும் அங்கேதான் உருவாகின்றன.

விற்ற பிறகு என்ன என்பதற்கு மகாபாரதத்தின் பதினேழாம் பருவம் ஒரு சான்று. தம்பியரும் திரௌபதியும் வழியில் விழுந்துபட, தருமர் ஒரு நாயோடு மலை ஏறுகிறார். தேரோடு வந்த இந்திரன், நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை, விட்டுவிட்டு வா என்கிறான். தன்னை நம்பி வந்ததைக் கைவிடுவது பெரும்பாவம் என்று தருமர் சொர்க்கத்தையே மறுக்கிறார். அந்த நாய் தர்மதேவதையாக வெளிப்படுகிறது. நாய் தானாகவே பின்தொடர்ந்து வந்தது. தருமர் அதை அழைக்கவில்லை. அப்போதே கடமை அவ்வளவு என்றால், திட்டமிட்டு அழைத்து வந்த உயிரிடம் கடமை எவ்வளவு? எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும், வாங்கியவர் திருப்பித் தந்தால் ஏற்றுக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பது நல்ல பிரீடர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். பத்து வயதுக் கிழ நாய்க்கும் அது பொருந்தும். மாணிக்கவாசகர் தம்மை நாய் என்று தாழ்த்திக்கொண்டது, கடையிலும் கடையான உயிரையும் ஆட்கொள்ளும் அருளைச் சொல்ல. அந்தக் கடை உயிர் கதவுக்கு வெளியே நிற்கும்போது கதவு திறக்க வேண்டியவர் அதைப் பிறப்பித்தவர்.

தெருவில் இத்தனை நாய்கள் பசித்துக் கிடக்கையில் புதிய குட்டிகள் எதற்கு என்பது நியாயமான கேள்வி. நாய் வேண்டும் என்று வருபவருக்குத் தெரு நாயோ காப்பகத்து நாயோ போதும் என்றால் அதையே சொல்லி அனுப்புவது பிறப்பிப்பவரின் கடமைகளில் ஒன்று. தன் ஒவ்வொரு குட்டிக்கும் வீடு உறுதியான பிறகே இணை சேர்ப்பவரால் தெருவில் ஒரு நாயும் அதிகமாகாது. வீடு தேடாமல் பிறப்பித்து, விலை போகாத குட்டியைச் சந்தில் விடுபவரே அந்தக் கேள்விக்குக் குற்றவாளி.

காவலியர் பெட்டைக்குட்டி ஒன்றை வாங்கித் தொடங்குபவர், அதன் தாயும் தந்தையும் ஐந்து வயதில் இதய முணுமுணுப்பு இல்லாதவை என்ற மருத்துவச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு அந்தக் குட்டிக்கு இரண்டரை வயது ஆகும்வரை காத்திருந்து, அதன் இதயத்தையும் மரபணுவையும் தலையின் எம்.ஆர்.ஐ. படத்தையும் பார்க்க வேண்டும். அதில் பழுது தெரிந்தால் அந்த நாயிடமிருந்து ஓர் ஈற்றும் இல்லை. செலவழித்த பணமும் திரும்பாது. அது அந்த வீட்டில் சாகும்வரை வீட்டு நாயாகவே இருக்கும். இந்த முடிவை இப்போதே ஏற்கும் மனம் உள்ளவர் தொடங்கலாம். மற்றவர் தொடங்க வேண்டாம்.